இடது கைக்கு மாறிய கியர்

மச்சான்,

இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் புதுச் செயினின் கிரீஸ் வாசனை போகவில்லை. இதே வாசனைதான் உன் சட்டையில் எப்போதும் இருக்கும். வளைகுடாவில் சைக்கிள் கடை மெக்கானிக்காக இருந்துவிட்டு லப்பைக்குடிக்காட்டுக்குத் திரும்பி வந்த பிறகும் அது உன்னை விடவில்லை. அத்தர் பூசிக்கொண்டு நீ கல்யாணத்துக்கு வந்தால்கூட உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும். நேற்று நான் செய்த காரியத்தை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். திட்டுவாய். திட்டிக்கொள்.

எலக்ட்ரானிக் குரூப்செட் வாங்கிவிட்டேன். லீவர், பல்சக்கரம், செயின், பிரேக் எல்லாம் சேர்ந்த முழு செட். இருப்பதிலேயே உசத்தியானது. மண் ரோட்டுக்கென்றே செய்த நம் கிராவல் சைக்கிளில், நீ உன் கையால் கம்பி இழுத்து மாட்டிக் கொடுத்ததை எல்லாம் கழற்றிவிட்டு இதை மாட்டியிருக்கிறேன்.

எத்தனை ஞாயிற்றுக்கிழமை இதற்காகச் சண்டை போட்டிருக்கிறோம். அரியலூர் சுண்ணாம்புக்கல் லாரி ரோட்டில் முகமெல்லாம் வெள்ளைப் புழுதியோடு டீக்கடையில் நிற்போம். நான் எலக்ட்ரானிக் என்று வாயெடுத்தால் போதும், உனக்கு டீ ஆறிவிடும். "கம்பிய இழுத்தா கியர் மாறணும் மாப்ள. அது விரல்ல தெரியணும். கரெண்ட்டுல மாறுனா அது சைக்கிளா? மிக்ஸிடா." நான் பெரம்பலூரில் மோட்டார் காயில் கட்டுகிறவன். ஊர்க் கிணற்று மோட்டாருக்கெல்லாம் உயிர் கொடுக்கிற எனக்கு அந்தப் பேச்சு சுருக்கென்று இருக்கும். கடைசியில் டீக்கடைக்காரர்தான், "ரெண்டு பேரும் மொதல்ல மூஞ்சியக் கழுவுங்க" என்பார்.

ஒன்றில் மட்டும் உன் பேச்சைக் கேட்டேன். முன்னால் ஒரே பல்சக்கரம். மழை பெய்த மறுநாள் குன்னம் பக்கம் கரிசல் மண்ணில் இறங்கி, என் பழைய சைக்கிளின் முன்பக்க கியரில் களிமண் அப்பிக்கொண்டதே, நினைவிருக்கிறதா? குச்சியால் நோண்டி நோண்டி, பிறகு அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தோம். அன்றைக்கு நீ சொன்னதை இப்போதும் மாற்றவில்லை.

சாமான் வந்து சேர்ந்ததும் உன் வழியில்தான். வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் பெட்டியில் ஆளுக்கு ஒன்றாகச் சொல்லி வரவழைப்பாயே, அதே வழி. முன்பு நீ முதல் தடவை வரவழைத்தபோது பின்பக்கப் பல்சக்கர அடுக்கு யார் வீட்டுக்கோ போய், அந்த வீட்டம்மா அதை ஏதோ அலங்காரச் சாமான் என்று நினைத்து ஷோகேஸில் பிளாஸ்டிக் பூவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். நாம் போய்க் கேட்டபோது, "அதான் பளபளன்னு இருக்கே, எடுத்துட்டுப் போவணுமா?" என்று முகம் வாடிவிட்டது. அவருக்காக நீ ஒரு பீங்கான் ஜாடி வரவழைத்துக் கொடுத்தாய்.

போன வருடம் திருச்சி ஆஸ்பத்திரியில் உன் இதயம் நின்றுபோனது. உன்னை அடக்கம் செய்தபோது எல்லோரையும் போல நானும் வலது கையால் மூன்று பிடி மண் போட்டேன். இரண்டு மாதம் கழித்து அந்தக் கைதான் விழுந்தது. லேசான பக்கவாதம் என்றார் டாக்டர். இப்போது கை மூடும், பிரேக்கைப் பிடிக்கும். ஆனால் கியர் மாற்ற லீவரைப் பக்கவாட்டில் தள்ள வேண்டுமே, அது மட்டும் முடியவில்லை. நீ பெருமையாகச் சொன்ன அந்த 'விரல்ல தெரியணும்' என் விரலில் தெரியவே இல்லை மச்சான்.

எல்லோரும் ஒரே மாதிரி பேச ஆரம்பித்தார்கள். "இந்தக் கைய வச்சுக்கிட்டு சைக்கிள் என்னாத்துக்குங்க? வித்துடுங்க" என்றாள் என் மனைவி செல்வி, நீ தங்கச்சி தங்கச்சி என்று கூப்பிடுவாயே, அவளேதான். டாக்டர் சுவரோரம் நிற்கும் உடற்பயிற்சி சைக்கிளைச் சொன்னார். எங்கேயும் போகாத சைக்கிளை எதற்கு மிதிக்க வேண்டும்? எனக்குக் கோபம் வந்துவிட்டது. சைக்கிளை விற்றால் உன்னை இரண்டாவது தடவை புதைத்தது போல இருக்கும். அதோடு, கை போனவன் என்கிற பேரை நானே எழுதி ஒட்டிக்கொண்டதாகவும் ஆகும்.

நீ வேலை பார்த்த கடையில் இப்போது இருக்கும் உன் தம்பிக்குப் போன் போட்டேன். எலக்ட்ரானிக்கில் எல்லா கியரையும் இடது லீவருக்கே மாற்றிக்கொள்ளலாம், தொட்டால் போதும் என்றான். பிறகு தயங்கினான். "அண்ணன் இருந்திருந்தா இத வாங்க விட்டிருக்காதேண்ணே?"

"இருந்திருந்தா சண்ட போட்டிருப்பேன்டா. இல்லங்கறதுக்காக விட்டுக்குடுத்துடுவேனா? அனுப்பு" என்றேன்.

நான்கு பேர் பெட்டியில் நான்கு துண்டாக வந்தது. நானே மாட்டினேன், பெரும்பாலும் இடது கையால். செல்வி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே திட்டினாள். திட்டினாளே தவிர பிடியை விடவில்லை. சார்ஜர் மட்டும் வரவில்லை. அது பக்ரீத்துக்கு வருகிறவர் பெட்டியில் இருக்கிறதாம். பேட்டரியில் வந்த சார்ஜே போதும் என்று நேற்றுக் காலை பச்சைமலைக்குக் கிளம்பிவிட்டேன்.

என்ன சுகம் தெரியுமா! தொட்டதும் டிக்கென்று மாறுகிறது. தேவையே இல்லாமல் வழி முழுக்க மாற்றிக்கொண்டே போனேன். பேட்டரி தீரப்போகிறது என்று சிவப்பு விளக்கு மினுக்கியதைப் பார்த்தேன், பார்க்காதது போலப் போனேன். மலையடிவாரம் தாண்டி முதல் செங்குத்து வளைவில், சமதரைக்குப் போட்டிருந்த கனமான கியரிலேயே எல்லாம் நின்றுவிட்டது. தொட்டேன், அமுக்கினேன், கெஞ்சினேன். ம்ஹும். மோட்டார் காயில் கட்டுகிறவன் சார்ஜ் இல்லாமல் நடு மலையில் நிற்கிறான்! நீ மட்டும் இருந்திருந்தால் ரோட்டிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

அதே வளைவில்தான் நீ எப்போதும் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவாய். நான் ஒருநாளும் இறங்கியதில்லை. மேலே போய்க் காத்திருந்து, "என்னா மச்சான், சைக்கிள நடக்கக் கூட்டிட்டு வந்தியா?" என்பேன். நீ மூச்சு வாங்கிக்கொண்டே, "தள்ளிட்டுப் போனாலும் சவாரிதான் மாப்ள" என்பாய். தோற்றவன் பேச்சு என்று நினைத்துக்கொள்வேன். எவ்வளவு திமிர் எனக்கு.

போன் சட்டைப் பையில் இருந்தது. கூப்பிட்டிருந்தால் மகன் வண்டி எடுத்துக்கொண்டு வந்திருப்பான். வந்தால் நேற்றோடு என் சவாரி முடிந்தது. இனி யாரும் சைக்கிள் பூட்டுச் சாவியைக்கூட என் கையில் தர மாட்டார்கள். அதையும் நினைத்தேன். கீழே பெரம்பலூர்ப் பக்கம் இறங்கினால் மிதிக்காமலேயே வீடு போய்விடலாம். அதையும் நினைத்தேன்.

பிறகு, உனக்கு மண் போட்ட அந்தக் கையை ஹேண்டில்பாரில் வைத்து இறுக மூடினேன். அதற்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். வளைவு வளைவாக உச்சி வரை தள்ளிக்கொண்டே போனேன். எலக்ட்ரானிக் விஷயத்தில் இப்போதும் நீ சொன்னது தப்புதான், அதில் மாற்றமில்லை. இன்னொன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். நேற்று நான் இறங்கினேன் மச்சான், ஆனால் திரும்பவில்லை.