சந்தனம் அப்பிய திருகாணி

கல்லை என்னைவிட அதிகமாகக் கொஞ்சிய என் அத்தானுக்கு,

நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது. தென்காசியில் சாரல் தொடங்கிவிட்டது. உங்கள் காலேஜ் பேராசிரியர் கடிதம் போட்டிருந்தார். குற்றாலத்துக் கல்லில் திருப்பத் திருப்ப நிறம் மாறும் கனிம மணி இருப்பதாக நீங்கள் எழுதி வைத்ததில் அவருக்குச் சந்தேகமாம். தன் கண்ணால் பார்த்தால்தான் உங்கள் பெயரில் அச்சுக்குக் கொடுப்பாராம். எனக்கு வந்த கோபத்தில் அன்று குழம்புக்கு உப்புப் போட மறந்தேன்.

வெள்ளிக்கிழமை வருவதாக எழுதியிருந்தார். வியாழன் காலையிலேயே, நீங்கள் எனக்குப் பழக்கியபடி, உங்கள் மைக்ராஸ்கோப்பை ஜன்னலோரம் வைத்தேன். ஒளியை வடிக்கும் இரண்டு பட்டகங்களையும் ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்ததும் பார்வை முழுவதும் இருண்டது. அதுவரை சரி. கண்ணாடியில் ஒட்டிய கல் சீவலை வைத்துத் தட்டைத் திருப்பினால், அதில் பார்க்க வேண்டிய சிறு மணி நடுவில் நிற்காமல் ஓடி ஒளிகிறது!

லென்சை நடுவுக்குக் கொண்டுவர இரண்டு திருகாணி உண்டல்லவா, அதில் ஒன்று அசையவே இல்லை. உற்றுப் பார்த்தால் சந்தனமும் குங்குமமும். ஆயுத பூஜைக்கு நான்தான் அப்பியிருக்கிறேன். அப்போதே உங்களுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது, பிறகு நீங்கள் இதைத் தொடவே இல்லை. பார்த்திருந்தால் வைதிருப்பீர்களா, சிரித்திருப்பீர்களா?

ஊசியால் சுரண்டினேன். அத்தை வந்து நின்றார்.

"ஏட்டி, சாமிக்கு வச்சதப் போயி சொரண்டுதியே!"

"சாமி கோவிக்க மாட்டாரு அத்தை. ஒங்க மகன்தான் கோவிப்பாரு."

அத்தை மண்ணெண்ணெய்ப் புட்டியை எடுத்துவந்து கொடுத்தார்.

ஒரு துளி விட்டதும் இளகியது. மணி விலகிய தூரத்தில் பாதியைத் திருகாணியால், மீதியைச் சீவலை நகர்த்தி என்று மாற்றி மாற்றிச் சரிசெய்து, மத்தியானச் சோற்றையும் மறந்து உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மணி நின்ற இடத்திலேயே சுழன்றது. மேல் பட்டகத்தை வெளியே இழுத்துவிட்டுத் திருப்பினேன். இளஞ்சிவப்பு, பிறகு பச்சை, மறுபடி இளஞ்சிவப்பு. நீங்கள் எழுதியது அப்படியே இருந்தது. அழுதுவிட்டேன்.

மறுநாள் பேராசிரியர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "அவர் எழுதுனது சரிதாம்மா. அவர் பேருலயே போட்டுருதேன்," என்றார். பிறகு, "மைக்ராஸ்கோப்பக் காலேஜுக்குக் குடுத்துருங்களேன். இங்கன யாரு பாக்கப்போறா?"

"நான் பாப்பேன். அவுக கொண்டாந்த கல்லு இன்னும் ஒரு பெட்டி இருக்கு," என்றேன்.

அத்தான், இலத்தூர்ப் பாறையில் நீங்கள் உடைத்து வந்த துண்டைத் திங்கட்கிழமை சீவலாகத் தேய்க்கத் தொடங்குகிறேன். பெட்டி காலியாகும்வரை விடமாட்டேன். பிடிபடாத மணி வந்தால் பிடிபடவில்லை என்றே எழுதுவேன். நோட்டில் உங்கள் கையெழுத்து நின்றுபோன பக்கத்திலேயே, அடுத்த வரியிலிருந்து எழுதுவேன்.

உங்கள் மாமன் மகள்,
கோமதி