விளக்கு எரியவில்லை என்றான் அண்ணன்

ஜூன் 3, செவ்வாய்

அண்ணன் வண்டி இன்று பட்டறைக்கு வந்தது. வந்தது என்ன, இழுத்து வந்து போட்டார்கள். பதினெட்டு வயதுக் கிழட்டுக் கார். போன மாதம் மழையில் வழுக்கிச் சுவரில் மோதியது. பம்பரும் ஒரு ஹெட்லைட்டும் போயின. அண்ணிக்கு முழங்கால் உடைந்தது.

அதற்கு முந்தின வாரம்தான் நான் பிரேக் பேடு மாற்றிக் கொடுத்திருந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் கத்தினான். "இவன் கை வச்ச பிரேக்குதான்! மிதிச்சதும் சக்கரம் அப்படியே இறுகிப் போச்சு!" நான் மட்டும் சும்மா இருந்தேனா? "ஓட்டத் தெரியாதவனுக்கு எதுக்கு வண்டி"ன்னு கேட்டேன். அன்றோடு பேச்சு நின்றது.

வண்டியை அனுப்பியது அண்ணி. "நீங்களே பாருங்க தம்பி. வேற யார்கிட்டயும் விட மனசு வரல" என்றார் போனில்.

ஜூன் 4

பேடு சரி. ஆயில் சரி. குழாயில் கசிவு இல்லை. என் வேலையில் ஒரு குறையும் இல்லை.

ஜூன் 6, வெள்ளி

குற்றவாளி அகப்பட்டான். ஏபிஎஸ் மாட்யூல்.

காலையில் ஸ்கேனரைச் செருகினால் ஒழுங்காகப் பதில் சொல்கிறது. மதியம் சூடேறியதும் பேச்சு மூச்சில்லை. ஃபியூஸ் பார்த்தேன், மாட்யூலின் பிளக் வரை கரண்ட் வருகிறது, நான்கு சக்கர சென்சாரும் நன்றாக இருக்கின்றன. சாயங்காலம் ஆறவிட்டு, மனைவியின் ஹேர் டிரையரை மாட்யூல்மேல் பிடித்தேன். நான்கு நிமிடத்தில் செத்தது. உள்ளே எங்கோ விரிசல். ஈரத்தில் சக்கரம் இறுகிவிடாமல் விட்டுவிட்டுப் பிடிக்க வைப்பது இந்தப் பெட்டிதான். அன்றைக்கு அது தூங்கிவிட்டது.

ஆனால் அது தூங்கினால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தே தீரும். ஆக, விளக்கைப் பார்த்தும் அண்ணன் என்கிற பெரிய துரை கண்டுகொள்ளாமல் ஓட்டியிருக்கிறார்! பழியை மட்டும் என் தலையில் கட்டினார்.

உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். "லைட் எரியவே இல்லன்னு சத்தியம் பண்றானேடா" என்றாள். "பொய் சொல்றான்க்கா" என்றேன். சொன்னபோது நெஞ்சு குளிர்ந்தது. மறைப்பானேன்.

ஜூன் 9, திங்கள்

மாட்யூலைக் கழற்றி, பிளேடால் மூடியை அறுத்துத் திறந்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தால் இரண்டு பின்களைச் சுற்றி சால்டர் ஈயம் மயிரிழை அளவுக்கு விண்டிருக்கிறது. மூன்று வாரச் சண்டைக்கு இவ்வளவுதான் காரணம். புதிதாகப் பற்றவைத்து, மூடியை ஒட்டிக் காயவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

வண்டியைக் கொஞ்சம் நகர்த்தலாம் என்று சாவியைத் திருப்பினேன். ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. எஞ்சின் ஓடியதும் அணைந்தது.

மாட்யூல் மேஜைமேல் கிடக்கிறது. விளக்கு எப்படி அணையும்?

டேஷ்போர்டைப் பிரித்தேன். ஏபிஎஸ் விளக்கின் கம்பியை வெட்டி, பேட்டரி விளக்கின் கம்பியோடு சேர்த்திருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து எரியும், எஞ்சின் ஓடியதும் சேர்ந்து அணையும். பெட்டி செத்தாலும் ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. எந்தப் பாவி செய்தான் என்று வாய்விட்டுத் திட்டினேன். அப்புறம்தான் அந்த இணைப்பை நன்றாகப் பார்த்தேன். கம்பியை மூன்று சுற்று சுற்றி, சால்டர் வைத்து, மேலே ஒன்றுக்கு இரண்டாக பிளாஸ்டிக் உறை, ஸ்லீவ், போட்ட வேலை. யாரும் இரண்டு ஸ்லீவ் போட மாட்டார்கள். நான் போடுவேன்.

மூணு வருஷம் முன்னாடி. மறுநாள் ஆர்டிஓ ஆபீசில் வண்டிக்குத் தகுதிச் சோதனை, விளக்கு அணைய மாட்டேன்கிறது, அண்ணன் வாசலில் நின்று அவசரப்படுத்துகிறான். "முடிஞ்சுது, எடுத்துட்டுப் போ"ன்னு சொன்னேன். என்ன செஞ்சேன்னு அவன்கிட்ட சொல்லக்கூட இல்ல. அப்புறம் பார்த்துக்கலாம்னு நினைச்சேன் — மறந்தே போச்சு. எப்படிடா மறந்த?

ஜூன் 11

கம்பிகளைப் பிரித்துப் பழையபடி மாட்டினேன். வெட்டிய துண்டைக் குப்பையில் போட்டேன். பட்டறையில் யாரும் பார்க்கவில்லை.

ஜூன் 14, சனி

மாட்யூலைத் திரும்ப மாட்டி, ஈரச் சரளையில் ஓட்டிப் பார்த்தேன். ஓங்கி மிதித்தால் பெடல் காலடியில் துடிக்கிறது. வண்டி நேராக நின்றது. அண்ணியிடம் போனில் சொன்னேன்: "பெட்டிக் கோளாறு அண்ணி. வயசான வண்டி இல்லையா."

"அப்ப உங்க மேல தப்பே இல்ல. இதை உங்க அண்ணன்கிட்ட சொல்றேன் பாருங்க" என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

அண்ணனே வீட்டுக்கு வந்து, அவன் வீட்டுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டான். என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்டா, மனசுல வச்சுக்காத" என்றான். கண் கலங்கியிருந்தது.

போகும் வழியில் கேட்டான்: "லைட் மட்டும் ஏன் எரியலன்னு இன்னும் புரியலடா."

"பல்பு போயிருக்கும்" என்றேன்.

அங்கே எல்லோரும் இருந்தார்கள், அக்கா உட்பட. அண்ணி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, காலை இழுத்து இழுத்து வந்து, எனக்குத்தான் முதலில் பரிமாறினார். சாப்பிட்டேன். போதுமா தம்பி என்றார். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.