காத்துப் போற ஓட்டையில சாமி படம்

அன்புள்ள மகன் யுவனுக்கு மைசூர்லேர்ந்து அம்மா எழுதறது. இங்க நானும் அப்பாவும் உன் பொண்டாட்டி அனுப்ரியாவும் நல்லா இருக்கோம். அங்க நீ சௌக்கியமான்னு கேட்டு எழுதறதுதான் முறை, நான் கேக்கப் போறதில்ல, நீ இருக்கிற லட்சணத்த ஞாயித்துக்கிழமை என் கண்ணாலயே பாத்துட்டேன். போன்ல திட்டலாம்னா ரெண்டு வார்த்தைக்குள்ள சிக்னல் இல்லம்மான்னு வெச்சுடறே, அதான் பேப்பர்ல எழுதி அனுப்ரியாவ போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லப் போறேன். இத உன்னால கட் பண்ண முடியாது. தமிழ் வேகமா படிக்க வராதுன்னு சாக்கு சொல்லாத, எழுத்துக் கூட்டியாவது படி.

நியூசிலாந்துல ரெண்டு ரூம் வீடு எடுத்திருக்கேன்னு சொன்னியேடா, நானும் நம்பி ராமாபுரத்துல உன் பெரியம்மா வள்ளியாத்தா கிட்ட என் மகன் வீட்டுல செவுத்துலயே ஹீட்டர் இருக்குதுன்னு பீத்திக்கிட்டு வந்தேன். அன்னிக்கு வீடியோல பேசறப்ப போன் உன் கையிலேர்ந்து நழுவி விழுந்துச்சே, அப்பத்தான் தெரிஞ்சுது வீடும் இல்ல ரூமும் இல்ல, ஒரு வேன். மேல தகரத்துலேர்ந்து சொட்டு சொட்டா தண்ணி விழுது, கண்ணாடியெல்லாம் வழியுது, மெத்தை ஓரம் பூரா கருப்புக் கருப்பா பூசணம். நான் கத்தறேன், நீ என்னடான்னா இருமிக்கிட்டே சிரிச்சு, ஏனில்லம்மா ஏனில்லம்மா, ஒண்ணுமில்லேன்னு கன்னடத்துல மழுப்பறே, குளிர் காலத்துல எல்லா வேனும் இப்படித்தான் வேர்க்குமாம். யாரு காதுல பூ சுத்தறே? அப்பா பாதிச் சாப்பாட்டுல கை கழுவிட்டு எந்திரிச்சுப் போயிட்டார்.

அப்புறம் அனுப்ரியாவ உக்கார வெச்சுக் கேட்டேன், அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு, வாடகை மிச்சம் பண்ணத்தான் வேன் வாங்கினியாம், எனக்குச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கியிருக்கே. ரெண்டு பேரும் சேந்து என்னை முட்டாளாக்கினீங்க, சரி, அது கெடக்கட்டும். குளிருதுன்னு ஜன்னல் சந்தெல்லாம் டேப் ஒட்டி அடைச்சுட்டியாம், உள்ளயே சோறு வடிக்கறியாம், தொவைச்ச ஜீன்ஸையும் உள்ளயே கயிறு கட்டிக் காயப் போடறியாம். சோத்துச் சட்டி மூடியத் தெறந்தா உள்பக்கம் தண்ணி சொட்டுமே, பாத்ததில்லையா நீ? அந்த மூடிக்கு அடியில போய் படுத்துக்கிட்டு தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு முழிக்கறே.

இதெல்லாத்தையும் விட என் வயிறு எரியறது எதுக்குத் தெரியுமா, அந்த ஓட்டைக்குத்தான். வேனைக் கட்டினவன் புத்தியோட சைடுல சதுரமா ஒரு ஓட்டை விட்டு, உள்காத்த வெளிய தள்ள ஃபேனும் வெச்சிருக்கான். வீட்டுல பால் காய்ச்சியாச்சா, கிழக்குச் செவுத்துல சாமி படம் மாட்டினியான்னு நான் கேட்டேன், வாஸ்தவம். வீடுன்னு நெனச்சு கேட்டேன்டா, ஓடற வண்டிக்கு ஏதுடா கிழக்கு? நீ வேலை பாக்கற பழத் தோட்டத்துல வண்டி நிக்கிற எடத்துல கிழக்கு எதுன்னு பாத்து, மாடம் மாதிரி வசதியா இருக்குதுன்னு அந்த ஓட்டையிலயே மாதேஸ்வரன் படத்த வெச்சு சுத்தி டேப் ஒட்டிட்டே, அம்மா சொன்னதைச் செஞ்சுட்டேன்னு பெருமையா அனுப்ரியாவுக்குப் போட்டோ வேற. உன் இருமல் நின்னா மாதேஸ்வரன் மலைக்குக் கூட்டிட்டு வந்து மொட்டை போடறேன்னு நான் எந்தச் சாமி கிட்ட வேண்டிக்கிட்டேனோ அதே சாமிய வெச்சு நீ காத்த அடைச்சு வெச்சிருக்கே. இத யாரு கிட்டப் போய் சொல்லி அழறது?

சாமி குத்தம் வரும்னு பயப்படாத, குத்தம் வந்தா என் தலையில வரட்டும். படத்த எடுத்து வண்டிக்கு முன்னாடி ஸ்டீரிங் பக்கம் வெச்சுக்கோ, நம்மூர் பஸ்ஸு லாரியில எல்லாம் சாமி அங்கதான உக்காந்திருக்கு. ஃபேனைப் போடு, எதிர்ப்பக்க ஜன்னல ஒரு விரல் அளவுக்காவது தெறந்து வை, குளிர்ந்தா ரெண்டு கம்பளி சேத்துப் போத்திக்கோ. சோத்த மூடி வெச்சு ஆக்கு, கதவத் தெறந்து வெச்சு ஆக்கு, துணிய காசு போட்டா காய வெக்கிற மெஷின்ல கொண்டு போய் போடு, கஞ்சத்தனம் பண்ணாத. மெத்தைய பலகை மேல அப்படியே போடாம அடியில ரீப்பர் கட்டை அடிச்சு சந்து விட்டுப் போடணுமாம், இல்லேன்னா அடியில தண்ணி கோத்துக்குமாம், அனுப்ரியா பாத்துச் சொன்னா. காலையில எந்திரிச்சதும் கண்ணாடி, தகரம் எல்லாம் துண்டால தொடைச்சு வெளிய பிழி. பூசணம் புடிச்ச அந்தத் தலகாணியத் தூக்கிக் குப்பையில போட்டுடு, தொவைச்சாலும் வேண்டாம்.

வேன்ல குடியிருக்கறது கேவலம்னு நான் சொல்லவே மாட்டேன், எங்க படுத்தாலும் நெஞ்சு காஞ்சு கெடக்கணும், அவ்வளவுதான். சின்னதுலயே வீசிங் வந்த உடம்பு உனக்கு. அடுத்த மாசம் அனுப்ரியா அங்க வர்றதா இருந்துச்சே, நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன், அவ மேல எரிஞ்சு விழாத. அந்த ஓட்டை தெறந்து, மெத்தை காஞ்சு, உன் இருமல் கொறைஞ்சாத்தான் அவள ஏர்போர்ட்டுக்கு அனுப்புவேன். அவ என் கூட பேசறதில்ல, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் சுத்தறா, சுத்தட்டும்.

மாதேஸ்வரன் உன்ன நல்லபடியா காப்பாத்தட்டும், நீயும் அவருக்குக் கொஞ்சம் வழி விடு. இன்ஹேலர மறக்காம பக்கத்துல வெச்சுக்கிட்டுப் படு கண்ணு.

முடிச்சுட்டேன்னு நெனச்சு அனுப்ரியா கிட்ட கொடுத்தேன். நின்னுக்கிட்டே முழுசாப் படிச்சா, அப்புறம் வாயத் தெறந்து, குளிருக்காக கேஸ் அடுப்ப எரிய விட்டுட்டு அவர் தூங்கிடறாரு, அதை எழுதலையே அத்தை, அதைத்தான் நல்லா கோபமா எழுதுங்கன்னா. இது எனக்குத் தெரியாதே சாமி. எல்லாச் சந்து பொந்தையும் அடைச்சுட்டு அடுப்ப எரிய விட்டு நீ தூங்கி, காலையில எந்திரிக்கலேன்னா, அந்தத் தோட்டத்துல வந்து உன் கதவத் தட்ட யாருடா இருக்கா?

இப்படிக்கு,
உன் அம்மா
சுலோசனா