மெயின் சுவிட்ச்

ஜூலை 1986, செவ்வாய் இரவு. தாராவி.

எங்கள் தையல் பட்டறையில் மெஷின் இரைச்சலில் மேஸ்திரியான நான் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. யாரையாவது திட்ட வேண்டுமென்றால் மெயின் சுவிட்சை அணைப்பேன். மெஷின்கள் நின்றதும் எல்லோரும் தலையைத் தூக்குவார்கள்.

இன்று மதியம் மழையில் கரண்ட் தானாகவே போனது. நான் வாசலில், மெயின் சுவிட்ச் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முருகேசன் எழுந்தே விட்டான்.

"அண்ணாச்சி, அந்தக் காலரைக் கோணலாத் தச்சது நான்தான். வேலைய விட்டு நிறுத்திராதீங்க."

எந்தக் காலர் என்றே எனக்குத் தெரியாது.

"கரண்ட்தாம்ல போயிருக்கு. உக்காரு."

உட்கார்ந்தான். கரண்ட் வந்ததும் எல்லோரும் குனிந்து தைக்க ஆரம்பித்தார்கள். எனக்குக் கோபமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

இப்போது விளக்கை அணைத்துவிட்டுப் படுக்க வேண்டும். சுவிட்சுக்குக் கை போகவில்லை.