தண்ணி பக்கமா என்று உன் அம்மா கேட்டாள்

நேற்று அருப்புக்கோட்டையில் காப்பிக்கொட்டை அரைக்கும் கடை வாசலில் நின்றிருந்தேன். பேரன் பெண்டாட்டி உள்ளே தூள் வாங்கிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் சிக்கரி மூட்டையைப் பிரித்தார். கொட்டையின் வாசம் வேறு, சிக்கரியின் வாசம் வேறு. சேர்த்து அரைத்தபின் மற்றவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்தக் கரிந்த இனிப்பு மூக்கில் ஏறியதும் கடைப்படியில் உட்கார்ந்துவிட்டேன். "அப்பத்தா, மயக்கமா வருதா?" என்று அவள் ஓடிவந்தாள். மயக்கமெல்லாம் இல்லை. நீதான் வந்து நின்றாய், கையில் காப்பிக் கும்பாவோடு.

பெல்ஜியம் தேசத்தில் நாம் படித்த மடத்து ஆஸ்பத்திரியில் காலையில் கும்பாவில்தான் காப்பி. உலகச் சண்டை ஓய்ந்து கொஞ்ச காலமே ஆகியிருந்தது. கொட்டைக்குத் தட்டுப்பாடு என்று முழுக்கச் சிக்கரியைக் கொதிக்கவைத்து ஊற்றினார்கள். நீ அதில் ரொட்டியை முக்கித் தின்றுகொண்டே, "கேப்பக் கூழுன்னு நெனச்சுக் குடிச்சிருடி" என்பாய். குடித்தேன். நீ சொன்னதையெல்லாம் செய்துகொண்டிருந்த காலம் அது.

நீ போய்ச் சேர்ந்த சேதி போன மாதம் பங்குச் சாமியார் வழியாக வந்தது. அழுகை வரவில்லை. வெயிலில் நாளெல்லாம் களையெடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தவளைப் போலச் சோர்வாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் ஞாபகம் சோரவில்லை. நீ சொன்ன வார்த்தைகள் ஒவ்வொன்றும் எங்கே வைத்துச் சொன்னாய் என்பதோடு என்னிடம் இருக்கின்றன.

நாம் அங்கே போனது ஊர் பார்க்க அல்ல. என் அக்கா ரெட்டியபட்டியிலிருந்து அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், மாட்டுவண்டியிலேயே, வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனாள். இங்கே நாம் படித்த மடத்துப் பள்ளிக்கூடத்தில் பெரிய மதராக இருந்தவர் பெல்ஜியத்துக்காரர். அவர்தான் நம் இருவரையும் கூப்பிட்டு, எங்கள் தேசத்து ஆஸ்பத்திரியில் பிரசவ வேலை படித்து வாருங்கள், ரெட்டியபட்டியில் ஒரு பிரசவ அறை கட்டித் தருகிறேன் என்றார். ஏன் இருவர் என்றால், அந்த வேலைக்கு இருவர் வேண்டும். ஒருத்தி முதுகுப்பக்கம் உட்கார்ந்து தாயைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். இன்னொருத்தி முன்னால் இருந்து பிள்ளையை ஏந்த வேண்டும். எட்டாவது படித்த நீ ஏந்துவது, ஐந்தாவதோடு நின்ற நான் பிடிப்பது என்று பேச்சு. வெள்ளைக்காரன் நம் நாட்டை விட்டுப் போன மறுவருஷம் நாம் கப்பல் ஏறினோம்.

வார்டு வேலை இடுப்பை ஒடித்தது. சனிக்கிழமை மத்தியானம் விட்டார்கள் என்றால் ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்வரை நம்முடையது. எனக்குப் படுத்துக் கிடந்தால் போதும். உனக்கோ ரயிலேற வேண்டும். மடத்தில் ரொட்டிப் பொட்டலம் கட்டித் தருவார்கள். வாரம் ஒரு ஊர். கெண்ட் என்ற ஊரில் கோபுரம் கோபுரமாக என்னை இழுத்துக்கொண்டு அலைந்தது நினைவிருக்கிறதா?

"இன்னும் எத்தன கோயிலுடி? எல்லாத்துக்குள்ளயும் ஒரே சாமிதான இருக்காரு?"

"கட்டுனவுக வேறவேறடி. வா, மேல ஏறிப் பாப்போம்."

"நீ ஏறு. எங்காலு வார்டுலயே செத்துப்போச்சு. என்ன தெரிஞ்சுச்சுன்னு வந்து சொல்லு."

மூச்சு வாங்க இறங்கி வந்து சொன்னாய்: "ஒரு கருவேல மரங்கூடக் கண்ணுல படலடி!"

புரூஜ் என்ற ஊருக்குப் போனபோது எனக்கே வாய் அடைத்துப்போயிற்று. வீட்டுச் சுவரை ஒட்டித் தண்ணீர். பாலத்துக்கு அடியில் தண்ணீர். அதில் படகு விட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு வேடிக்கை காட்டினார்கள்.

"கம்மாயத் தெருத்தெருவா வெட்டி விட்டிருக்காக பாரு" என்றேன். "இம்புட்டும் சும்மா கெடக்கே. ஒரு பொம்பளையாச்சும் கொடத்தக் கொண்டாந்து மோக்குறாளா?"

நான் நிஜமாகவே குடத்தோடு யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்களிடமும் சொல்லிச் சிரித்தாய். அதையும் நான் மறக்கவில்லை.

மே மாதம் அதே ஊருக்கு மறுபடியும் போனோம். சாமி சுரூபத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் பவனி வந்தது. மணி, சாம்பிராணி, பூ, எல்லாம் நம் ஊர்ச் சப்பரம் மாதிரியே. சுரூபம் நமக்கு நேரே வந்ததும் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டுவிட்டேன். நீயும் கூடப் போட்டாய். இல்லை என்று பின்னால் சொன்னாய், ஆனால் போட்டாய். தெரு முழுக்கத் திரும்பியது. முன்னால் போன குதிரை மிரண்டது. போலீஸ்காரர் ஒருவர் நமக்கு ஏதோ வலிப்பு வந்துவிட்டதென்று ஓடிவந்தார். நீ என் வாயைப் பொத்தினாய்.

"அடியே, மானம் போகுதுடி!"

"சாமி வந்தா கொலவ போடாம, கையக் கட்டிக்கிட்டு எழவு வீட்டுல நிக்கிற மாதிரியா நிப்பாக?"

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு வயதான கன்னியாஸ்திரி நம்மிடம் வந்தார். வாயில் பல் இல்லை. என் தாடையைத் தொட்டு, அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். குழந்தையைப் போலக் கைதட்டினார். நம்மைத் தம் மடத்துக்குக் கூட்டிப்போனார். வெள்ளை வெள்ளையாகச் சின்னச் சின்ன வீடுகள், நடுவில் புல்வெளி, நெடுநெடுவென்று மரங்கள். உள்ளே காலடிச் சத்தம்கூடக் கிடையாது. எனக்கு அங்கே மூச்சு முட்டியது. நீ அங்கிருந்து எழுந்திருக்கவே இல்லை.

அதற்குப்பின் எந்தச் சனிக்கிழமையும் புதிய ஊர் இல்லை. கோபுரம் ஏறுவது நின்றது. புரூஜுக்குத்தான் ரயில். நீ உள்ளே போய்விடுவாய். நான் வெளியே தண்ணீர் ஓரத்துப் பலகையில் ரொட்டிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருப்பேன். பிற்பாடு நீ, "ஒங் கொலவதான்டி என்னைய இங்க கொண்டாந்து விட்டுச்சு" என்றாய். அதை நான் அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் இல்லை. குலவைக்கு மயங்கினது அந்தக் கிழவியம்மா. நீ மயங்கினதற்கு நான் பொறுப்பல்ல.

இலை உதிரத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊர் திரும்ப நாள் குறித்தாகிவிட்டது. அதே பலகையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"நான் வரலடி."

"எங்க?"

"ஊருக்கு."

விளையாட்டு என்று நினைத்து உன் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

"அங்க உள்ள அப்பிடி என்னதான் இருக்கு?"

"சத்தமில்ல. நான் பொறந்ததுலருந்து யாராச்சும் கூப்பிட்டுக்கிட்டே இருக்காக. இங்கதான் என்னைய ஒருத்தரும் கூப்பிடல. அப்பத்தான் அவரு கூப்புடுறது கேட்டுச்சு."

"சத்தமில்லாம இருக்கணும்னா நம்மூர்ல கல்லறத் தோட்டம் இல்லையா?"

நீ சிரித்தாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"எங்கக்கா மாதிரி இன்னொருத்தி வண்டியில கெடந்து துடிப்பா. அவரு எறங்கி வந்து ஏந்துவாராக்கும்?"

"நீ ஏந்துவடி. ஒங்கையும் படிச்ச கைதான்."

"அப்ப பிடிக்க ஆளு?"

தண்ணீரைப் பார்த்தாய். பிறகு சொன்னாய்: "எங்கம்மாட்ட நீ சொல்லிரு."

"எழுதிப் போடேன்."

"எழுதுனா ஊரான்ல வாசிச்சுச் சொல்லணும். அவ அதை அடுத்தவுக வாயால கேக்க வேணாம். நீ சொல்லு."

அன்றைக்குப் பிடித்த கோபம் இது. நீ போனதற்குக்கூட அல்ல. உன் மனசை நீ சாமிக்குக் கொடுத்துக்கொள். உன் அம்மா முகத்தைப் பார்க்கிற வேலையை எதற்கு என் தலையில் வைத்தாய்? புருஷன் செத்து, ஒற்றைப் பிள்ளையைப் பருத்தி எடுத்துப் படிக்கவைத்தவள். கப்பலில் வந்த நாளெல்லாம் அந்த ஒரு பேச்சைத்தான் எப்படித் தொடங்குவது என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

விருதுநகரில் பஸ்ஸேறி உன் ஊரான பாலவனத்தத்தில் இறங்கினேன். நாம் வருகிற சேதி தெரிந்து உன் அம்மா காட்டிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தாள், மடியில் பருத்தியோடு. என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என் தோளுக்குப் பின்னால் பஸ்ஸைப் பார்த்தாள்.

"அவ பெட்டிய எறக்கிக்கிட்டிருக்காளா?"

"அவ வரல, அத்த."

"அடுத்த கப்பலா?"

"இல்லத்த. அங்கேயே ஒரு மடத்துல சேந்துட்டா. அதுல சேந்தவுக ஊரு திரும்ப மாட்டாக."

பஸ் கிளம்பிப் போனது. அவள் விழுந்தால் பிடிக்கலாம் என்று நான் அருகில் போனேன். அவள் விழவில்லை. மடியை இறுக்கிச் செருகிக்கொண்டு கேட்டாள்:

"அந்த ஊர்ல தண்ணி பக்கமா?"

நம் கரிசல் காட்டில் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி முதலில் கேட்பது அதுதான். நிலமும் நகையும் பிறகு. மகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், அதைச் சொல்.

"வீட்டுக்குள்ளயே வருதுத்த. கொழாயில."

"நல்ல தண்ணியா, சப்பத் தண்ணியா?"

"நல்ல தண்ணி."

"மாமியா எப்பிடி?"

மடத்துப் பெரியவரைத்தான் கேட்கிறாள் என்று அந்தக் கிழவியம்மாவை நினைத்துச் சொன்னேன்: "வயசானவுக. பல்லெல்லாம் போச்சு. சிரிச்ச மொகம்."

"அப்பச் சரி" என்றாள் உன் அம்மா. "கட்டிக்குடுத்தாச்சு."

மடியிலிருந்த பருத்தியைக் கடையில் போட்டுக் கருப்பட்டி வாங்கினாள். தெருவில் வீடு வீடாக உடைத்துக் கொடுத்தாள். ஒருத்தி குத்தலாகக் கேட்டாள்: "மாப்ள எந்த ஊரு, அக்கா? சம்பந்தகாரக விருந்துக்கு வருவாகளா?"

"அவுக வர மாட்டாக. நம்மதான் ஒவ்வொருத்தரா போகணும்" என்று அவள் கையிலும் ஒரு துண்டை வைத்தாள்.

எனக்கு ஆத்திரம். அழுவாள், உன்னைத் திட்டுவாள், நானும் சேர்ந்து திட்டலாம் என்று எத்தனை தூரம் சுமந்து வந்தேன்! ஒரு கேள்வியில் உன்னை வழியனுப்பிவிட்டாள். எனக்குத் திட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை.

ரெட்டியபட்டியில் அறை தயாரானது. பிடிக்க ஆள் இல்லை. ஊரில் எவளும் ரத்தத்துக்குப் பயந்து வரவில்லை. ஒருநாள் காலை உன் அம்மா துணிமூட்டையோடு வந்து இறங்கினாள்.

"முதுகு தாங்கத்தான ஆளு வேணும்? எம் முதுகு பருத்தி மூட்டை செமந்த முதுகு. எங்க உக்காரணும், சொல்லு."

சுவரில் தன் முதுகைக் கொடுத்து, வந்தவளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். "சாஞ்சுக்க தாயி, நான் இருக்கேன்" என்றாள். சாதி கேட்டதில்லை, முகம் சுளித்ததில்லை. எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்தபோது என்னையும் அவள்தான் சாய்த்துக்கொண்டாள். கண் மங்கி, இடுப்பு வளைகிறவரைக்கும் அந்தச் சுவரோரம் அவள் இடம். எந்தப் பெண்ணும் எங்கள் அறைக்கு வந்து வண்டியில் பிணமாகத் திரும்பவில்லை என்று சொல்ல மாட்டேன். திரும்பினார்கள். ஆனால் சாய ஆள் இல்லாமல் ஒருத்தியும் சாகவில்லை.

அவள் என் வீட்டில்தான் கண்ணை மூடினாள். மகள் செய்ய வேண்டியதை நான் செய்தேன். அவளுக்காகச் செபிப்பதாக மடத்திலிருந்து எழுதினாய். செபம் வந்தது. நீ வரவில்லை.

இப்போது எனக்கும் முடியவில்லை. முட்டி மடங்கினால் நிமிர மறுக்கிறது. கடைப்படியிலிருந்து என்னை எழுப்பவே இருவர் தேவைப்பட்டார்கள். திரும்பும் வழியில் கோயிலில் இறங்கினேன். உன் ஆத்துமத்துக்குப் பூசை வைக்கப் பேர் கொடுத்தேன். அங்கே இருந்த சாமியார் புதிதாக வந்த சின்னப் பையன், நம் கதை எதுவும் தெரியாது.

"இவுக ஒங்களுக்கு என்ன ஒறவு, பாட்டி?"

தோழி என்று சொல்லியிருக்கலாம். கூடப் படித்தவள் என்று சொல்லியிருக்கலாம். இரண்டுமே பொய்யில்லை. வாயில் வந்தது வேறு.

"எங்க வீட்டுப் பொண்ணு, சாமி. தூரத்துல கட்டிக்குடுத்தது."

பேரன் பெண்டாட்டி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும். மன்னித்துவிட்டேன் என்று நீ நினைத்துக்கொள்ளாதே. கட்டிக்கொடுத்து ஒரு தடவைகூட மறுவீடு வராத பெண்ணின் மேல் கோபப்படப் பிறந்த வீட்டுக்கு உரிமை உண்டு. உன் பிறந்த வீட்டில் இப்போது மிச்சமிருப்பது நான்தான்.