போதோண்டின் நேர்ச்சிறகு ஈக்கள்

ஜனவரி 15, செவ்வாய்

போதோண்டின் அப்பாவுக்குப் பக்கவாதம். போதோண்ட் பஸ் பிடித்துத் தன் ஊரான மகோவுக்கு ஓடினான். அங்கே அவர்களுக்கு வெங்காய வயல் இருக்கிறது, பார்க்க வேறு ஆளில்லை. எத்தனையோ வருஷமாக ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பழ ஈ பார்க்கிறோம். அவன் இல்லாமல் அறை சப்பென்று இருக்கிறது. போகும்போது தன் குப்பிகளை என் தலையில் கட்டிவிட்டான்.

"எமி, இதுங்க சோம்பேறிப் பயலுங்க. மெதுவாத்தான் வளரும். அவசரப்பட்டுத் தூக்கிப் போட்டுடாத."

"உன்ன மாதிரியேன்னு சொல்லு."

ஜனவரி 17

ஆய்வகத் தலைவர் திஹமேர் கேட்டால் சொல்ல வேண்டுமே, அவன் வேலையை எனக்கே ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். செல் தனக்கு வேண்டாத புரதத்தில் உபிக்விட்டின் என்ற குட்டிப் புரதத்தைக் கட்டுகிறது, குப்பை மூட்டைக்குக் கயிறு கட்டுவதுபோல. கட்டிய மூட்டை அரவைக்குப் போகும். போகும்போது கயிற்றை அவிழ்த்துத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஈக்களுக்கு அவிழ்க்கும் நொதி இல்லை. கயிறு தீர்ந்து, குப்பை தேங்கி, கூட்டுக்குள்ளேயே செத்துவிடுகின்றன. கொஞ்சம் உபிக்விட்டின் கூட்டிக் கொடுத்தால் பிழைக்கும் என்கிறான். அதிகமானால் அதுவும் கொல்லும்.

பிழைத்தால் அடையாளம் சுலபம்: நேர்ச்சிறகு. கூடப் பிறந்த, நொதியுள்ள மற்றதெல்லாம் சுருள்சிறகு. இந்த மாதக் குப்பிகளில் ஒரு நேர்ச்சிறகாவது வந்தால்தான் போதோண்டின் வேலை நீளும், இல்லாவிட்டால் இல்லை என்று திஹமேர் சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 1, வெள்ளி

ஈக்களை ஜோடி சேர்த்துப் பதினெட்டாம் நாள். எல்லாம் சுருள். இதற்குமேல் வைத்தால் அடுத்த தலைமுறை வந்து கலந்து கணக்கு குழம்பும். அதனால் யார் குப்பியானாலும் இன்று உறைபெட்டிக்குப் போக வேண்டும். கொஞ்சம் கூடுகள் பொரியாமல் கறுத்துக் கிடந்தன. செத்ததுதான் என்று எல்லாவற்றையும் போட்டேன்.

போனில், "ஒண்ணுகூட இல்லயா?"

"எல்லாம் செத்துப்போச்சுடா."

பின்னால் அவன் அப்பா யாரையோ கூப்பிடும் குழறல் கேட்டது. வைத்துவிட்டான்.

பிப்ரவரி 28, வியாழன்

ஒன்றுகூடப் பிழைக்கவில்லையா என்று கூட்டத்தில் திஹமேர் என்னைத்தான் கேட்டார். சந்தேகமே இல்லை என்றேன். என் வாய்க்கு எப்போதும் அவசரம். போதோண்டின் வேலை முடிந்தது.

மாலையில் வந்து மேசையைக் காலி செய்தான். "வெங்காயமாவது சொன்ன நாள்ல முளைக்கும்," என்று சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்



புழுக்களிலிருந்து புரதம் எடுக்க வேண்டும் என்று அவன் ஈக்களை மறுபடி வளர்த்திருந்தேன். புழு எடுத்தாயிற்று, குப்பிகளை மறந்தாயிற்று. பதினெட்டாம் நாள் ஈஸ்டர் விடுமுறையில் விழுந்தது. தம்பி பிள்ளைகள் ஈஸ்டர் வழக்கப்படி என் தலையில் வாசனைத் தண்ணீர் தெளித்துவிட்டு முட்டை கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே இதுகள் கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கின்றன!

நேர்ச்சிறகு. ஒன்றல்ல, ஒரு கூட்டம். மெலிசாக, தள்ளாடிக்கொண்டு, ஆனால் உயிரோடு. வேறு ஈ கலந்துவிட்டதோ என்று மரபணுவைப் பார்த்தேன். அவனுடையதேதான்.

கூட்டிக் கொடுத்த உபிக்விட்டின் அரைகுறையாக இருந்ததால் தாமதம். அவ்வளவுதான். மெதுவாத்தான் வளரும்னு சொன்னானே! காதுல என்னடி வச்சிருந்த, எமெஷே? பிப்ரவரியில உறைபெட்டில போட்டியே, கறுத்த கூடு— அதுக்குள்ள உயிரோட இருந்துச்சேடி.

ஏப்ரல் 24

திஹமேரிடம் சொன்னேன், மறைக்காமல். "வரச் சொல்லுங்க. இடம் வாங்கித் தரேன்," என்றார்.

ஏப்ரல் 27, சனி

மகோ போனேன். வயலில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தான். சொன்னதும் அப்படியே வரப்பில் உட்கார்ந்தான்.

"நேரா? சிறகு நேராவா இருந்துச்சு?" ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டான். முகம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு அழுகை முட்டியது.

"என்னைத் திட்டுடா."

"திட்டி? அன்னிக்கு எத்தனாவது நாள்ல நீ பாத்தேன்னு நானும்தான் கேக்கல. கேட்டிருந்தா நீ காத்திருப்ப."

காத்திருப்பேனா? எனக்குத் தெரியவில்லை.

"வந்துடு. திஹமேர் இடம் தரேன்றார்."

வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "அப்பாவ நான் இல்லாம யார் எமி தூக்கி உக்கார வைப்பா? பிப்ரவரியிலயே வேலை நீண்டிருந்தா சம்பளத்துல ஒரு நர்ஸ் வச்சிருப்பேன். இப்ப அவர் என் கைக்குப் பழகிட்டாரு. வேற யார் தொட்டாலும் கத்துறாரு."

அவன் மனைவி மீன் சூப் கொடுத்தாள். காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மே 2

இன்றும் அழைத்தேன். வரவில்லை என்றான். இனிமேல் கேட்காதே என்றும் சொன்னான், அன்பாகத்தான்.

நவம்பர் 14, வியாழன்

இந்த ஈக்களைப் பற்றிய கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பும் நாள். போதோண்டின் பெயர் முதலில், திஹமேர் மறுக்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் கீழே இப்போது வேலை செய்யும் இடத்தைக் கேட்டார்கள். எனக்கும் மற்றவர்களுக்கும் எங்கள் ஸெகெட் நகர ஆய்வகம் என்று போட்டேன். அவனுக்குப் போன் செய்தேன்.

"என்னடா போட?"

"வீட்டு விலாசம் போடேன்," என்றான். கதவு எண், தெரு, மகோ. அவன் சொல்லச் சொல்லத் தட்டினேன்.