நார்ஃபோக் வீட்டைப் பற்றி நீ எழுத வேண்டிய புகார்

டொலீடோ,
ஏப்ரல் 22

அன்பு மகள் டனீஷாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், உன் கப்பல் எந்தக் கடலில் நின்றாலும் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் மண்டியிட்டுக் கேட்கிறோம். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுப் பெட்டியில் போட்டுவிடாதே, இதில் அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. போன வருஷம் ஜூன் பதினான்காம் தேதி நீ உன் கடற்படைத் தளம் இருக்கும் நார்ஃபோக்கில் வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் போனாய், போனில் காலியாக இருக்கிறது என்றார்கள், நேரில் போனதும் இப்போதுதான் போய்விட்டது என்றார்கள், வாசலில் 'வாடகைக்கு' என்ற போர்டு அப்படியே தொங்கியது என்று வேடிக்கையாக எழுதியிருந்தாய். நானும் சிரித்துக்கொண்டேதான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இப்போது அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. அரசாங்கத்திடம் புகார் கொடுக்க ஒரு வருஷம்தான் கெடுவாம், உனக்கு இன்னும் எட்டு வாரம்கூட முழுசாக இல்லை, இந்தக் கடிதம் கப்பலைத் தேடி வருவதற்குள் அதில் எத்தனை நாள் போகுமோ. போனில் சொன்னால் விடுங்கப்பா என்று சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பாய், எங்களுக்கே நடந்தது, உன்னிடம் மறைத்துவிட்டோம், கோபித்துக்கொள்ளாதே. ஆபரேஷன் ஆன பிறகும் அம்மாவுக்கு இந்த மூன்று மாடி ஏறி இறங்குவதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது, சர்ச்சுக்குப் போய் வந்தால் பாதிப் படியில் உட்கார்ந்து பத்து நிமிஷம் மூச்சு வாங்குகிறாள், எனக்கும் அறுபத்தெட்டு ஆகிறது, அவளைத் தூக்கவா முடியும். தரைத்தளத்தில் வீடு அமையாவிட்டால் வெளியே வருவதையே விட்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது. பிப்ரவரியில் லிண்டன் தெருவில் கிரேபில் என்ற ஆளுக்குச் சொந்தமான ஒரு வீடு, படியே இல்லாதது, பேப்பரில் வந்திருந்தது. அம்மாதான் போன் செய்தாள். அவள் போன் குரல் உனக்குத் தெரியாததா, இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் போன் எடுத்தவள், ரிசீவர் காதுக்குப் போனதும் அசல் வெள்ளைக்காரி ஆகிவிடுவாள். அவன் பேர் கேட்டதும் மிஸஸ் ஆல்ட்ரிச் என்று வாயில் வந்துவிட்டது, அது அவளுடைய பழைய சூப்பர்வைசர் பேர். அவனும் குழைந்து குழைந்து பேசி, சனிக்கிழமை பதினோரு மணிக்கு வாங்க, உங்களுக்காகவே வச்சிருக்கேன் என்றான். நாங்கள் ஈஸ்டருக்குப் போடும் துணியைப் போட்டுக்கொண்டு போனோம். கதவைத் திறந்தவன் எங்கள் தலைக்கு மேலாகத் தெருவை எட்டிப் பார்த்தான், மிஸஸ் ஆல்ட்ரிச் எங்கே என்று. பிறகு, காலையிலதான் ஒருத்தர் எடுத்துக்கிட்டார் என்று சொல்லிவிட்டான். அதற்கு உன் அப்பா நான் என்ன செய்தேன் தெரியுமா, தொப்பியைக் கழற்றி, ரொம்ப நன்றி சார், சிரமம் குடுத்துட்டோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும்போதுதான் அம்மா, "நன்றி எதுக்குச் சொன்னீங்க?" என்று கேட்டாள். வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

திங்கட்கிழமை சிக்னலில் நிற்கிறோம், நான் ஓட்டிய அதே ரூட் பஸ் பக்கத்தில் வந்து நிற்கிறது, அதன் பக்கவாட்டில் வீடு தர மறுத்தார்களா, எங்களைக் கூப்பிடுங்கள் என்று ஒரு விளம்பரம். இருபத்தொன்பது வருஷம் அந்தப் போன் நம்பரை ஊரெல்லாம் சுற்றிக் காட்டியவன் நான், ஒரு நாள் படித்ததில்லை, அம்மா அதைச் சொல்லிச் சொல்லி இன்றுவரை என்னைக் கேலி செய்கிறாள். அந்த நம்பருக்குப் பேசிவிட்டு அவர்களுடைய மையத்துக்குப் போனோம், அங்கே மிஸ் க்ரூ என்று ஒரு பெண், உன் வயசுதான் இருக்கும். காசு ஒன்றும் கேட்கவில்லை. எந்தத் தேதி, எத்தனை மணி, அவன் வாயில் வந்த வார்த்தை என்ன, கூட யார் இருந்தார்கள், விளம்பரம் வந்த பேப்பர் இருக்கிறதா, போன் பில்லில் அந்த அழைப்பு இருக்கிறதா என்று ஒன்றுவிடாமல் கேட்டு எழுதினாள். இந்த வீட்டுக்காரருக்குத் தெரிந்து அவரும் காலி செய்யச் சொன்னால் என்ன செய்வது, ஊரில் ஒருத்தனும் வீடு தரமாட்டானே என்று புலம்பினேன். புகார் கொடுத்ததற்காக யாராவது தொந்தரவு செய்தால் அதுவும் சட்டப்படி தப்பு, அதற்கும் தனியாகப் புகார் கொடுக்கலாம் என்றாள். அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது, போனில் என்ன பேர் சொன்னீங்க என்று. அம்மா தலையைக் குனிந்துகொண்டு ஆல்ட்ரிச் என்றாள். நான் குறுக்கே விழுந்து, அதை மட்டும் எழுதாதேம்மா, பொய்க்காரங்கன்னு எங்க மேலயே திரும்பிடும் என்று கெஞ்சினேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "நீங்க மறைச்சா அதை கிரேபில் கையில எடுப்பார் சார். நீங்களே சொல்லிட்டா அவருக்கு எடுக்க ஒண்ணும் இருக்காது" என்றாள்.

இரண்டு நாள் வீட்டில் சண்டை, எல்லாத்தையும் விட்டுவிடலாம் என்று நான், முடியாது என்று அவள். கடைசியில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவளே எழுதினாள், பிக்கெட் என்ற என் பேரைச் சொன்னால் வீடு கிடைக்காது என்று பயந்து வேறு பேர் சொன்னேன் என்று முதல் பக்கத்திலேயே. அதற்கிடையில் மையத்துக்காரர்கள் அவனைச் சோதித்துப் பார்க்க, வீடு தேடுகிறவர்கள் போல ஒரு வெள்ளைக்காரத் தம்பதியையும், அதே சம்பளம் சொல்லி நம்மைப் போல ஒரு கறுப்பினத் தம்பதியையும் அந்த வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எங்களிடம் போய்விட்டது என்று சொல்லிப் பத்து நாள் கழித்து, வெள்ளைக்காரர்களுக்கு அடுப்பங்கரை முதல் கொல்லை வரை சுற்றிக் காட்டியிருக்கிறான், மற்றவர்களை வாசலோடு அனுப்பிவிட்டான். புகார் அரசாங்கத்துக்குப் போனது. அவன் பதிலும் வந்தது, நான் பயந்தபடியேதான், பிக்கெட் என்ற பேரில் யாரும் எனக்குப் போன் செய்யவில்லை, இவர்கள் சொல்வது பொய் என்று. விசாரிக்கும் அதிகாரி, அதுதான் உங்க மனைவி முதல் பக்கத்துலயே எழுதியிருக்காங்களே என்று சொல்லிவிட்டு மேலே கேட்கப் போய்விட்டார். அவ்வளவுதான். இப்போது சமாதானம் பேசுகிறார்கள், வீடு கிடைக்குமா, வேறு என்ன தருவார்கள், ஒன்றும் முடிவாகவில்லை. போன் மணி அடித்தால் நான் இன்னும் அம்மாவைத்தான் எடுக்கச் சொல்கிறேன். ஆனால் அம்மா நன்றாகத் தூங்குகிறாள்.

நீ செய்ய வேண்டியது இதுதான். அன்று நடந்ததை நினைவு இருக்கிறவரை இன்றைக்கே எழுது, அழகாக எழுத வேண்டியதில்லை. நீ எனக்கு எழுதிய கடிதத்தைத் தேதியோடு பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன், அது சாட்சியாகும் என்று மிஸ் க்ரூ சொன்னாள், அவள் நம்பர் பின்பக்கம் இருக்கிறது, கரைக்கு வந்ததும் முதல் போன் அவளுக்கு, எனக்கு அப்புறம். உன் மேலதிகாரி என்ன நினைப்பாரோ என்று யோசிக்காதே, யோசித்தால் என்னைப் போலத்தான் தொப்பியைக் கழற்றுவாய். இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, சொல்லியே ஆக வேண்டும். நீ பள்ளிக்கூடம் முடித்து முதல் வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது, டனீஷா வேண்டாம், வெள்ளைக்காரப் பேர் மாதிரி டெனிஸ் என்று போடு, குரலை இப்படி வைத்துக்கொள் என்று உட்கார்த்திச் சொல்லிக் கொடுத்தது நான்தான். உன் நல்லதுக்கென்று நினைத்துத்தான் செய்தேன், பயத்தில் செய்தேன். நார்ஃபோக் வீட்டுக்காரனிடம் போனில் நீ எந்தப் பேரைச் சொன்னாய் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை, எனக்குத் தெரியும்.

கர்த்தர் உன்னைக் காத்து, போகும் வழியெல்லாம் உனக்குத் துணை நிற்கட்டும். அம்மா உனக்கு முத்தம் அனுப்புகிறாள், கம்பளிச் சாக்ஸ் தனியாக வருகிறது. ஜூன் பதினான்கை மறந்துவிடாதே. டெனிஸ் என்று சொல்லியிருந்தால் அதையும் எழுது, அப்பா சொல்லிக் கொடுத்தார் என்றும் எழுது, அடியில் கையெழுத்து மட்டும் டனீஷா பிக்கெட் என்று போடு.

உன் அப்பா,
லானி பிக்கெட்